36 மணி நேரமும் ஆறாவது பெயரும்

ஒவ்வொரு வருஷமும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் அறிவிப்பு வந்ததும் கோவைப் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ்களில் ஒரு தேடுதல் வேட்டை ஆரம்பிக்கும். அஞ்சு பசங்க சேர்ந்து டீம் ரெடி. ஐடியா ரெடி. டீமுக்குப் பேர் கூட வெச்சாச்சு (கோட், பைட், நிஞ்சா இந்த மூணில் ஒண்ணாவது அதில் இருந்தே தீரும்). அதுக்கப்புறம்தான் யாராவது விதிமுறையைப் படிப்பாங்க. ஆறு பேர் கொண்ட டீம், அதில் குறைந்தது ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். உடனே க்ளாஸ் குரூப்பில் மெசேஜ் பறக்கும்: "டீமுக்கு ஒரு கேர்ள் வேணும், அர்ஜென்ட்."

என்ன தெரிஞ்ச பொண்ணு வேணும், பைத்தானா, ஜாவாவா, எம்பெடட் சிஸ்டமா, அதெல்லாம் மெசேஜில் இருக்காது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மாதிரி, ஃபார்ம் முழுமையாக ஒரு பெண் வேணும், அவ்வளவுதான்.

இதைப் பார்த்துட்டு அந்த விதியே வேஸ்ட் என்று சொல்பவர்கள் உண்டு. அது தப்பு. விதி மட்டும் இல்லையென்றால் நம்ம ஊர் டீம்களில் பாதிக்கு மேல் பசங்க மட்டுமே இருப்பார்கள், அதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். விதி கதவைத் திறந்து விட்டது. ஆனால் உள்ளே வந்தவளுக்குக் கிடைக்கும் வேலை என்ன? பிபிடி பண்ணு. ஜட்ஜ் வந்தால் பேசு. கலர் நல்லா இருக்கான்னு பார். கீபோர்டு மட்டும் பக்கத்து ஆளிடம்.

சரி, இதெல்லாம் பகலில் நடப்பது. பெரிய சிக்கல் ராத்திரிதான்.

இந்தப் போட்டியை மத்திய மனிதவள அமைச்சகமும் ஏஐசிடிஇ-யும் 2017ல் ஆரம்பித்தன. முதல் இறுதிச்சுற்று 2017 ஏப்ரல் 1, 2 தேதிகளில், நாடு முழுக்க பல மையங்களில், சுமார் 10,000 மாணவர்களோடு, 36 மணி நேரம் தொடர்ச்சியாக நடந்தது. 2018ல் ஹார்டுவேருக்குத் தனிப் பதிப்பு வந்தது, அது ஐந்து நாள். அந்த ஜூன் மாதம் நடந்த இறுதிச்சுற்றுக்குக் கோவையில் ஃபோர்ஜ் ஒரு மையமாக இருந்தது. கோவையில் மையம் இருப்பதால் கோவை டீமுக்குக் கோவையிலேயே இடம் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். எந்தப் பிரச்சினையை எடுத்தீர்களோ அதற்கு எந்த மையமோ அங்கேதான் போகணும். ரயிலில் இரண்டு ராத்திரி போய்ச் சேர வேண்டிய ஊராகவும் அது இருக்கலாம்.

இப்போ சூலூரை எடுத்துக்கலாம். திருச்சி ரோட்டில், சிட்டியிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள். ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் இருக்கிற ஊர், தேஜஸ் விமானம் தலைக்கு மேலே பறக்கிற ஊர். டெக்னாலஜி ஒன்றும் தூரத்துச் சமாச்சாரம் இல்லை. கலங்கல், கண்ணம்பாளையம், சோமனூர் பக்கமிருந்து காலேஜ் போகிற பெண்களில் நிறையப் பேர் டே ஸ்காலர். வீட்டில் தறி ஓடும், இல்லை என்றால் அப்பா அம்மாவில் ஒருவராவது மில்லுக்குப் போவார். இறுதிச்சுற்றுக்குத் தேர்வாகிவிட்டோம் என்று அந்த வீட்டில் சொன்னால் முதலில் வருகிற கேள்வி பரிசு எவ்வளவு என்பது இல்லை. "எத்தன நாளு கண்ணு? ராத்திரிக்கு எங்க தங்கறது? கூட யாரு வர்றாங்க?"

இந்தக் கேள்வியைக் கேட்டவுடனே நம்ம ஆட்கள் "வில்லேஜ் பேரன்ட்ஸ், புரியாது" என்று முத்திரை குத்திவிடுவார்கள். கொஞ்சம் நில்லுங்க. கேள்வி கேட்கிற அந்த அம்மாக்களில் பலர் தாங்களே நூற்பாலையில் நைட் ஷிஃப்ட் பார்த்தவர்கள். ராத்திரி வேலை என்றால் என்ன என்று ஹேக்கத்தான் நடத்துபவர்களை விட அவர்களுக்கு நல்லாவே தெரியும்.

அந்த நைட் ஷிஃப்டுக்கு ஒரு கதை இருக்கு. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 66ஆம் பிரிவு, பெண்களை இரவு 7 முதல் காலை 6 வரை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. அரசு நேரத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம், ஆனால் 10 மணியிலிருந்து 5 மணி வரை அறவே கூடாது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வசந்தா என்பவர் தொடுத்த வழக்கில், இந்தத் தடை சமத்துவத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது. ஆனால் "சரி, இனிமேல் எல்லாரும் வரலாம்" என்று விட்டுவிடவில்லை. கூடவே நிபந்தனைகளும் போட்டது. வீட்டிலிருந்து கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டு வந்து விட வண்டி வேண்டும். ஓய்வறை வேண்டும். பாலியல் தொல்லையைத் தடுக்கிற ஏற்பாடு வேண்டும். பெண்களைக் குறைந்தது பத்துப் பேர் கொண்ட குழுவாகத்தான் வைக்க வேண்டும், தனியாக ஒருத்தியை நிறுத்தக் கூடாது.

கடைசி நிபந்தனையை இன்னொரு தடவை படியுங்க. மில்லில் பத்துப் பேர். ஹேக்கத்தான் டீமில் ஒருத்தி.

மில்லோடு ஹேக்கத்தானை ஒப்பிடலாமா, அது சம்பளத்துக்குப் பார்க்கிற வேலை, இது ஆசைப்பட்டுப் போகிற போட்டி என்று ஒரு வாதம் வரும். வரட்டும். ஆனால் வேலைக்கான இன்டர்வியூவில் "ஹேக்கத்தான் எதிலாவது கலந்துக்கிட்டீங்களா?" என்று கேட்கிற காலம் இது. ரெஸ்யூமில் அதற்கு மதிப்பு இருக்கும்போது, "இஷ்டம் இருந்தா வா" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நல்ல மையங்களில் பெண்களுக்குத் தனித் தங்குமிடம் ஏற்பாடு செய்கிறார்கள்தான். அந்த விவரம் வீட்டுக்குப் போகிற கடிதத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. பெரும்பாலும் அதில் தேதி இருக்கும், ஊர் இருக்கும், ஓடி உண்டு என்று இருக்கும். ராத்திரி பற்றி ஒரு வரி இருக்காது. அந்த ஒரு வரி இல்லாததால்தான் கடைசி நேரத்தில் பெண் மாறுகிறாள். ஹாஸ்டலில் இருக்கும் இன்னொரு பெண்ணின் பேர் போடப்படுகிறது. இரண்டு மாசம் கோட் எழுதியவள் வீட்டில், ப்ராஜெக்டே என்னவென்று தெரியாதவள் மேடையில்.

இன்னொரு சந்தேகம். இந்த ராத்திரி நிஜமாகவே வேணுமா?

ஹேக்கத்தான் என்ற வார்த்தை 1999 ஜூனில் பிறந்தது. ஓப்பன்பிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதுபவர்கள் சுமார் பத்துப் பேர் கனடாவின் கால்கரியில் கூடினார்கள். அமெரிக்காவின் ஏற்றுமதிச் சட்டம் ரகசியக் குறியீட்டு மென்பொருளுக்குத் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது, அதனால் எல்லைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதினார்கள். ஏற்கெனவே ஒன்றாக வேலை செய்தவர்கள், நேரில் கூடினால் வேகமாக முடியும் என்று கூடியது அது. பரிசு இல்லை, கவுன்ட்டவுன் கடிகாரம் இல்லை. அதே மாதம் சன் நிறுவனம் ஜாவாஒன் மாநாட்டில் அந்தப் பேரில் ஒரு போட்டி வைத்தது. தூங்காமல் கண் சிவந்து உட்காருவதைப் பெருமையாக்கியது பிறகு வந்த வழக்கம். மூணு மணிக்கு எழுதின கோடை ஆறு மணிக்கு அழிச்ச கதை இல்லாத டீம் உண்டா? :)

பல நாள் நிகழ்ச்சி என்றாலே ராத்திரி நிகழ்ச்சி என்று அர்த்தமில்லை. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவை கொடிசியாவில் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் நடந்தது. ஐந்து நாள். எழுத்துரு, குறியாக்கம், மொழிபெயர்ப்பு மென்பொருள் என்று முழுக்கக் கம்ப்யூட்டர் சமாச்சாரம். யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தமிழ்நாடு அரசு அதிகாரபூர்வமாக ஏற்றது அந்தச் சமயத்தில்தான். அதற்காக யாரும் விடிய விடிய உட்கார வேண்டியிருக்கவில்லை.

2020ல் கொரோனாவால் இறுதிச்சுற்றே ஆன்லைனில் நடந்தது, ஆகஸ்ட் 1 முதல் 3 வரை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால் தங்கும் பிரச்சினை காணாமல் போனது. அதற்குப் பதில் நெட் பிரச்சினை வந்தது. ஒரே ரூம் வீட்டில், ஒரு பக்கம் தறிச் சத்தம், மறுபக்கம் ஜட்ஜிடம் டெமோ. அதுவும் தீர்வில்லை.

டெல்லியில் போடுகிற விதியைச் சூலூரிலிருந்து மாற்ற முடியாது. ஆனால் அதற்கு முன்னால் ஒவ்வொரு காலேஜும் தனக்குள்ளேயே ஒரு சுற்று நடத்தி டீம்களைத் தேர்ந்தெடுக்கிறதே, அது முழுக்கக் காலேஜின் கையில். அதைக் காலை ஒன்பதிலிருந்து சாயந்திரம் அஞ்சு வரை இரண்டு நாளாக நடத்தலாம், காலேஜ் பஸ்ஸிலேயே எல்லாரும் வீடு போய்ச் சேரலாம். டீமில் ஒரு பெண்ணுக்குப் பதில் மூணு பெண் இருந்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை, விதி "குறைந்தது" என்றுதான் சொல்கிறது. ஆறு பேரும் தாங்கள் எழுதின பகுதியைத் தாங்களே விளக்கணும் என்று ஜட்ஜ் கேட்டால், பேருக்குச் சேர்த்த கதை முதல் சுற்றிலேயே வெளிச்சத்துக்கு வந்துவிடும். இறுதிச்சுற்றுக்குப் போகிற டீமின் வீடுகளுக்கு ஹெச்ஓடி எழுதுகிற கடிதத்தில், தங்குமிடம், கூடப் போகிற மேடத்தின் பேர், போன் நம்பர், திரும்பி வருகிற ரயில் எத்தனை மணிக்கு, ஸ்டேஷனிலிருந்து சூலூருக்கு எப்படி, இவ்வளவும் தமிழில் இருக்கட்டும். அரைப் பக்கம் ஆகும். பரிசுத் தொகையை முழுப் பக்கத்துக்கு போஸ்டர் அடிக்கிறோமே.