சிறு விளையாட்டுகளுக்கும் திறனாய்வு வேண்டும்



காணொளி விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டவுடனே நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். அது படிப்பைக் கெடுக்கும், கண்ணைக் கெடுக்கும், பணத்தைக் கரைக்கும் என்பது நம் பொதுக்கருத்து. இக்கருத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், எல்லா விளையாட்டுகளையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது முறையாகுமா? நல்ல நூல் எது, மட்டமான நூல் எது என்று பிரித்தறியப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். விளையாட்டுகளைப் பிரித்தறிய மட்டும் ஏன் கற்பிப்பதில்லை? இதுவே இக்கட்டுரையில் நான் எழுப்பும் வினா.

பள்ளி விடுமுறைகளில் சிறு விளையாட்டுகளை விளையாடி, அவற்றைப் பற்றிக் குறிப்பெழுதுவது என் பொழுதுபோக்கு. இதனால் ஒரு காசும் வருவதில்லை. இருப்பினும், இது தமிழ் கற்பிப்போர் கவனிக்க வேண்டிய பணி என்றே நான் கருதுகிறேன். காரணங்களைச் சொல்கிறேன்.

எவை சிறு விளையாட்டுகள்?

எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேசன், நிண்டெண்டோ போன்ற கன்சோல் கருவிகளுக்கான விளையாட்டுகள் முன்பெல்லாம் பெரும்பாலும் வட்டுகளிலோ பேழைகளிலோ அடைத்துக் கடைகளில் விற்கப்பட்டன. வட்டு அச்சிடவும் கடைகளுக்கு அனுப்பவும் பெரும் முதலீடு தேவைப்பட்டது. ஆகவே பெரிய நிறுவனங்களே அக்களத்தில் நிற்க முடிந்தது. 2004-இல் எக்ஸ்பாக்ஸ் லைவ் ஆர்கேட், 2006-இல் பிளேஸ்டேசன் அங்காடி, 2008-இல் நிண்டெண்டோவின் வீவேர் எனப் பதிவிறக்க அங்காடிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. இரண்டு மூன்று பேர் வீட்டிலிருந்தே உருவாக்கிய விளையாட்டும் உலகெங்கும் சென்று சேரும் வழி பிறந்தது. ‘பிரெய்ட்’, ‘வேர்ல்ட் ஆஃப் கூ’ ஆகிய இரண்டும் 2008-இல் இவ்வழியே வந்து புகழ்பெற்றவை.

அதே ஆண்டு நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 கருவியில் தனி ஆள்களின் படைப்புகளுக்கென்றே ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. அங்கு ஒரு புதுமை நடந்தது. ஒருவர் உருவாக்கிய விளையாட்டை மற்ற படைப்பாளிகளே சோதித்துப் பார்த்து அனுமதித்தனர். மாணவர்கள் தங்களுக்குள் கட்டுரைகளை மாற்றிக்கொண்டு பிழை பார்ப்பதை இதற்கு ஒப்பிடலாம். ஆனால், அவர்கள் பார்த்தது விளையாட்டு பாதியில் நின்றுவிடுகிறதா, தடைசெய்யப்பட்டவை உள்ளனவா என்பதை மட்டுமே. தரம் எப்படி என்பதை அவர்கள் ஆராயவில்லை. விளைவு? நல்லவையும் குப்பைகளும் கலந்து ஆயிரக்கணக்கில் குவிந்தன. பெரிய இதழ்களுக்கு இவற்றை ஒவ்வொன்றாக விளையாடிப் பார்க்க நேரமில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் பொழுதுபோக்காக எழுதிய எளிய மனிதர்கள். ஒரு வெள்ளி, மூன்று வெள்ளி விலையுள்ள விளையாட்டுக்கும் பொறுமையாக ஒரு பக்கம் மதிப்புரை எழுதினார்கள்.

எழுதப்படாதவை மறையும்

அந்த எக்ஸ்பாக்ஸ் பிரிவு 2017-இல் மூடப்பட்டது. வீ கருவியின் அங்காடி 2019 ஜனவரியிலும், 3டிஎஸ், வீயூ ஆகியவற்றின் விற்பனை 2023 மார்ச்சிலும், எக்ஸ்பாக்ஸ் 360 அங்காடி 2024 ஜூலையிலும் முடிவுக்கு வந்தன. வட்டு இல்லை, கடை இல்லை. வேறு கருவிகளுக்கு மாறாத சிறு விளையாட்டுகளைப் புதிதாக வாங்க இன்று வழியில்லை. அவற்றுள் பலவற்றுக்கு எஞ்சியுள்ள சான்று, யாரோ ஒருவர் ஆர்வத்தால் எழுதி வைத்த மதிப்புரை மட்டுமே.

பேராக்கில் வாழும் நமக்கு இந்தச் செய்தி புதியதன்று. சுங்கை சிப்புட்டிலும் செம்மோரிலும் தாப்பாவிலும் பால்மரக் காடுகளாக இருந்த தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. லயன் வீடுகள் போயின. அங்கு நடந்த நாடகங்கள், பாடப்பட்ட பாடல்கள், பிள்ளைகள் ஆடிய ஆட்டங்கள் எல்லாம் என்னவாயின? யாரேனும் எழுதி வைத்தவை நின்றன. மற்றவை பெரியவர்களின் நினைவோடு மறைந்துகொண்டிருக்கின்றன. சிறியது என்பதால் எழுதத் தகுதியற்றது என்று நினைத்ததன் விலை இது.

வெண்பா கற்றுத் தரும் பாடம்

2023 ஜூலை 31-இல் ‘வெண்பா’ என்ற சிறு விளையாட்டு வெளிவந்தது. கனடாவின் தொரோந்தோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழுவின் படைப்பு அது. குழுவின் பெயரும் தமிழ். விளையாட்டின் பெயரும் தமிழ். 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய ஒரு தாயின் கதை. கணவர் பாவலன், மகன் கவின். தாயின் கையெழுத்தில் உள்ள பழைய சமையல் குறிப்பேடு சிதைந்துவிட்டது. அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்டிலி அவிக்க வேண்டும். புட்டு அவிக்க வேண்டும். பிரியாணி ஆக்க வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஒன்றரை மணி நேரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இட்டிலித் தட்டுகளை எப்படி அடுக்கினால் நீராவி மேல்தட்டு வரை ஏறும் என்று சிந்திக்க வைக்கிறது அது. நம் வீட்டு அடுப்படியில் நாள்தோறும் நடக்கும் அறிவியல் அல்லவா அது? அதைவிடப் பெரியது மொழிச் சிக்கல். பெற்றோர் தமிழில் பேச, மகன் ஆங்கிலத்தில் விடை சொல்கிறான். ஈப்போவிலும் எத்தனையோ வீடுகளில் இந்த உரையாடல் நடக்கிறது. அதைக் கண்டிக்காமலும் மழுப்பாமலும் காட்டுகிறது இவ்விளையாட்டு. 2024-இல் சுயேச்சை விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். பெருவிருதும், பிரிட்டனின் பாஃப்டா வழங்கும் சிறந்த அறிமுக விளையாட்டு விருதும் இதற்குக் கிடைத்தன.

உலகம் இதைப் பாராட்டியது, மகிழ்ச்சி. ஆனால், இட்டிலித் தட்டு என்றால் என்ன என்று விளக்கம் கேட்கத் தேவையில்லாத நாம், இதைப் பற்றித் தமிழில் எவ்வளவு எழுதினோம்? குறையையும் நாம்தான் துணிந்து சொல்ல முடியும். எடுத்துக்காட்டாக, மகன் வளரும் ஆண்டுகளைக் கதை மிக வேகமாகத் தாண்டிச் செல்கிறது. தந்தையின் மனத்தை இன்னும் சற்று நின்று பார்த்திருக்கலாம் என்பது என் கருத்து. மற்றவர் மறுக்கலாம். மறுத்து எழுதட்டும். அப்படித்தான் திறனாய்வு வளரும்.

எப்படி எழுதுவது?

மாணவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் நெறிகள் இவை.

1. முழுவதும் விளையாடிய பிறகே எழுத வேண்டும். பாதி படித்த நூலுக்கு மதிப்புரை எழுதுவது அறமன்று.

2. விலை, முடிக்க ஆகும் நேரம், வயது வரம்பு ஆகிய மூன்றையும் முதலில் சொல்ல வேண்டும். படிப்பவரின் பணமும் நேரமும் மதிப்புடையவை.

3. படைத்தவர் எதைச் செய்ய முயன்றார் என்று கண்டறிய வேண்டும். மூவர் செய்த விளையாட்டை முந்நூறு பேர் செய்ததோடு ஒப்பிட்டுக் குறை கூறலாகாது. அதற்காக, சிறியது என்று இரக்கப்பட்டுப் புகழவும் கூடாது.

4. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதும் ‘இது சரியாகச் செய்யப்படவில்லை’ என்பதும் வெவ்வேறு. இரண்டையும் பிரித்து எழுத வேண்டும். ஒவ்வொரு கூற்றுக்கும் விளையாட்டிலிருந்து ஒரு சான்று தர வேண்டும்.

‘சூப்பர்’, ‘போர்’ என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிட்ட பிள்ளைகளின் கருத்துரைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. 2021-இல் யுபிஎஸ்ஆர் தேர்வு அகற்றப்பட்டது. தேர்வுக்காக மனனம் செய்த கட்டுரைகளின் பிடி சற்றே தளர்ந்திருக்கும் இக்காலத்தில், பிள்ளை தானே கண்டு தானே சிந்தித்து எழுதும் பயிற்சிக்கு இடம் கொடுக்கலாமே! கணினியில் தமிழ் ஏறுமா என்று பலர் ஐயுற்றிருந்த 1985-ஆம் ஆண்டிலேயே முரசு செயலியை உருவாக்கத் தொடங்கியவர் நம் நாட்டவரான முத்து நெடுமாறன். கருவியை அவர் போன்றோர் செய்து தந்துவிட்டனர். அதைக் கொண்டு எதை எழுதுகிறோம் என்பது நம் பொறுப்பு.

பெற்றோர்களுக்குச் சில சொற்கள்

உங்கள் அச்சம் நியாயமானது. விளையாட்டு அடிமைத்தனத்தை உலகச் சுகாதார நிறுவனமே தன் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. அப்பட்டியல் 2022 முதல் நடப்பில் உள்ளது. ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். இலவசம் என்று கைப்பேசியில் நுழைந்து, பிறகு நாணயம் வாங்கு, ஆடை வாங்கு என்று நச்சரிக்கும் விளையாட்டுகளுக்கு முடிவு என்பதே கிடையாது. ஒருமுறை விலை கொடுத்து வாங்கி, கதை முடிந்ததும் அணைத்து வைக்கும் சிறு விளையாட்டு வேறு வகை. இவ்விரண்டையும் பிரித்தறிந்த பிள்ளை, உங்கள் பணத்தையும் தன் நேரத்தையும் காத்துக்கொள்ளும். தடை மட்டுமே விதித்தால், நீங்கள் பார்க்காதபோது எதை விளையாடுவது என்று முடிவெடுக்கும் அறிவு அதற்கு எங்கிருந்து வரும்?

இன்னொரு கேள்வியும் எழும். பேராக்கில் உள்ள 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள் எத்தனை பேர் வீட்டில் கன்சோல் இருக்கிறது? பலர் வீட்டில் இருக்காது. அதற்காக வாங்கித் தரச் சொல்லவில்லை. திறனாய்வுக்குக் கருவி கட்டாயமன்று. தோட்டத்தில் வளர்ந்த பாட்டியைக் கேட்டால் ரப்பர் கொட்டை விளையாட்டைச் சொல்வார். ஒரு கொட்டையின்மேல் மற்றொன்றை வைத்து ஓங்கி அடிக்க வேண்டும். எவருடைய கொட்டை உடைகிறதோ அவர் தோற்றார். செலவில்லை, விதி எளிது, நல்ல கொட்டையைத் தேர்ந்தெடுப்பதில் நுட்பம் இருக்கிறது. மேலே சொன்ன நான்கு நெறிகளைக் கொண்டே அதற்கும் மதிப்புரை எழுதலாம். பல்லாங்குழிக்கும் எழுதலாம். அவ்வாறு எழுதிப் பழகிய பிள்ளை, நாளை எந்தத் திரையின்முன் அமர்ந்தாலும் கேள்வி கேட்டபடியே அமரும்.

ஆகவே, ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. இந்தத் தவணையில் ஒரு கட்டுரைப் பாடத்தை இதற்கு ஒதுக்குங்கள். பிள்ளைக்குத் தெரிந்த ஒரு சிறு விளையாட்டு, ஒரு பக்கம், நான்கு நெறிகள். பெற்றோர்களே, எழுதி வருவதைப் படியுங்கள். படித்துவிட்டு ஒரு கேள்வியாவது கேளுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியன்
ஈப்போ, பேராக்