தேனும் சாதிக்காயும்

நமது ருவான்வெல்லை அமைந்துள்ள கேகாலை மாவட்டத்திலே, 2020 டிசம்பரில் நிகழ்ந்த வேடிக்கையை நாடே அறியும். கொரோனாவை ஒழிக்கும் பாணியைக் காளி தேவியே தமக்கு அருளியதாக ஹெட்டிமுல்லை தம்மிக்க பண்டார என்பார் கூறினார். தேனும் சாதிக்காயும் சேர்ந்த அம்மருந்துக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். நோய் பரவாதிருக்க விலகி நில்லுங்கள் என்றது அரசு. நோய் தீர்க்கும் மருந்துக்காக நெருங்கி நின்றனர் மக்கள்!

அன்றைய சுகாதார அமைச்சர் பவித்திரா வன்னியாராச்சியும் அப்பாணியைப் பகிரங்கமாகப் பருகினார். 2021 ஜனவரியில் அவரையே கொரோனா பற்றியது.

வரிசையில் நின்ற ஏழையைக் கண்டு நாம் நகைக்கமாட்டோம். தடுப்பூசி அப்போது இந்நாட்டை எட்டவில்லை. அச்சமே அவனை அங்கு நிறுத்தியது. நமது தோட்டங்களிலோ, ஒரே லயத்து அறையில் குடும்பத்தோடு உறங்குவோருக்கு விலகியிருத்தல் என்பதே எட்டாக்கனி. ஆனால், மருத்துவ நிபுணர்களை அருகிலே வைத்திருந்த அமைச்சருக்கு என்ன குறை? சாட்சியை விசாரியாது தீர்ப்புக் கூறும் நீதவானை உலகம் ஏற்குமா? சோதித்தறியாத மருந்துக்கு அமைச்சரின் வாயே அத்தாட்சிப் பத்திரமாயிற்று!

பாமரன் ஏமாந்தால் அவனுக்கு அறிவு புகட்டலாம். அறிவு புகட்ட வேண்டியவரே கரண்டியை ஏந்தினால், யாரிடம் முறையிடுவது?