நாளை என்னும் தவணை

கடன்பட்டவன் தவணை கேட்டால், கடன் கொடுத்தவன் ஒரு முறை இணங்குவான். இரு முறை இணங்குவான். மூன்றாம் முறை மறுத்துவிடுவான். ஆனால், மனிதன் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் தவணைக்கு எல்லையே இல்லை. 'நாளை தொடங்குவோம்' என்று இன்று சொல்கிறான். மறுநாளும் அதனையே சொல்கிறான். சொல்லுந்தோறும் அவன் உள்ளத்தில் ஒரு நிம்மதி பிறக்கிறது. அந்த நிம்மதியே அவனை ஏமாற்றுகிறது. செய்ய வேண்டிய வேலையிலோ அணுவளவும் குறைவதில்லை.

இதன் விளைவை நன்கு அறிந்தவர்கள் ஆசிரியர்கள். க. பொ. த. உயர்தர வகுப்பிற் சேரும் மாணவனுக்குப் பரீட்சை வெகு தொலைவில் இருப்பது போலத் தோன்றும். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில் பெற்றோர் கல்லூரிக்கு வந்து, 'பிள்ளை இரவு பகலாகப் புத்தகமுங் கையுமாக இருக்கிறான். ஒன்றும் மனத்திற் பதியவில்லை என்று கலங்குகிறான்' என முறையிடுவர். ஈராண்டு வேலையை முப்பது நாளில் அடக்க முயலும் பிள்ளை கலங்காமல் வேறென் செய்வான்? அவன் அறிவிற் குறைந்தவனல்லன். காலத்தைத் தவணைக்கு விட்டவன்.

இதனைச் சோம்பல் என்று சொல்லி முடித்துவிடுதல் பொருந்தாது. கெடுவார்க்குரிய நான்கு இயல்புகளைத் தொகுத்துரைத்த திருவள்ளுவர், காலம் நீட்டித்தலை ஒன்றாகவும் சோம்பலை வேறொன்றாகவும் எண்ணினார். உண்மையும் அதுவே. படிப்பைத் தள்ளிப்போடும் மாணவன் சும்மா இருப்பதில்லை. மேசையைத் துடைப்பான், கொப்பிகளுக்கு உறை போடுவான், வர்ண மைகளால் நேரசூசி வரைவான், கைத்தொலைபேசியில் நண்பனுடன் பரீட்சையைப் பற்றியே ஒரு மணி நேரம் உரையாடுவான். படிப்பை மட்டுந் தொடங்கான். 'இரசாயனம் முழுவதையும் படித்து முடிக்க வேண்டும்' என்பது ஒரு மலை. எவ்விடத்திற் காலை வைப்பது என்று தெரியாது மனம் மலைத்து நிற்கிறது. அளவும் நேரமும் குறிக்கப்படாத இலட்சியம் இலட்சியமன்று. அது வெறும் ஆசை.

ஆங்கில நாவலாசிரியர் அன்ரனி ட்ரொலப் (1815–1882) என்பவரின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. அவர் 1834 ஆம் ஆண்டில், பத்தொன்பதாவது வயதில், இலண்டன் தபாற் கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். நாவல் எழுத வேண்டும் என்ற ஆசை இளமையிலேயே அவருக்கு இருந்தது. ஆயினும், கந்தோருக்கு நேரஞ் சென்று போவதும் கடன்படுவதுமாக இலண்டனில் ஏழாண்டுகள் கழிந்தன, நாவல் எழுதப்படவில்லை. பின்னர் அயர்லாந்துக்கு மாற்றம் பெற்றுச் சென்று, 1843 இல், தமது இருபத்தெட்டாவது வயதிலேதான் முதல் நாவலைத் தொடங்கினார். அது 1847 இல் வெளிவந்தது, விலைபோகவில்லை. அவர் நிறுத்திவிடவில்லை.

நாளடைவில் அவர் தமக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டார். காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்துவிடுவார். அந்நேரத்திற் கோப்பி கொடுத்து எழுப்புவதற்கென்றே தம் குதிரைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுண் மேலதிகமாகக் கொடுத்தார். முதல் அரைமணி நேரம், முதல் நாள் எழுதியதை வாசிப்பார். பின்னர் கடிகாரத்தை முன்னே வைத்துக்கொண்டு, கால்மணி நேரத்துக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். காலை உணவுக்கு முன் எழுத்து வேலை முடிந்துவிடும். அதன் பின்னரே உத்தியோகம். ஒவ்வொரு நாவலுக்கும் வாரவாரியாக ஒரு நாட்குறிப்பு வைத்து, அன்றன்று எழுதிய பக்கங்களைப் பதிந்துவந்தார். எழுதாது விட்ட நாள் அந்தக் குறிப்பிலே வெறுமையாக நின்று அவர் முகத்தைப் பார்க்கும்.

வாரத்துக்கு ஏறக்குறைய 40 பக்கம் என்பது அவர் கணக்கு. வேறு வேலைகள் மிகுந்த காலத்தில் அதனை 20 ஆகக் குறைத்தார்; வாய்ப்புள்ளபோது 112 வரை உயர்த்தினார். 1871 இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலிற் சென்றபோதும், தம் அறையில் ஒரு மேசை அமைக்கச் செய்து, எட்டு வாரங்களில் ஒரு நாவலை எழுதி முடித்தார். 1875 இல் நம் இலங்கைக்கும் வந்து சென்ற இவர், 1867 வரை தபாற் சேவையில் இருந்துகொண்டே எழுதியவர். இவர் எழுதிய நாவல்கள் 47.

இவரது முறையிலே மூன்று செய்திகள் உள. ஒன்று, அன்றைய வேலைக்கு ஓர் அளவு. இரண்டு, அதற்கென மாறாத ஒரு நேரம். மூன்று, பொய் சொல்லாத ஒரு கணக்கு. மாணவர்க்கும் இம்மூன்றே போதும். 'கணிதம் படிப்பேன்' என்னாது, 'மாலை ஆறரை மணிக்கு இணைந்த கணிதத்தில் ஐந்து கணக்குகள் செய்வேன்' என்று வகுத்துக்கொள்க. வாரத்தில் ஆறு நாட்கள் செய்தால் 30 கணக்குகள். 25 வாரங்களில் 750. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது இதுதான்.

இடையிலே காய்ச்சல் வரலாம். வீட்டில் ஒரு விசேடம் வரலாம். ஒரு நாள் தவறினால், மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய முயன்று களைத்துப்போதல் வேண்டா. குறிப்பில் வெறுமையை வெறுமையாகவே விட்டு, மறுநாள் வழக்கமான அளவைத் தொடர்க. அளவு பெரிதாக இருந்து அடிக்கடி தவறுமாயின், அதனைக் குறைத்துக்கொள்ளலாம். நிறுத்துதல் மட்டும் ஆகாது.

பெற்றோர்க்கும் இதிற் பங்குண்டு. 'படித்தாயா?' என்று பத்து முறை கேட்பதிலும், பிள்ளை குறித்த அந்த ஒரு மணி நேரத்தைக் காத்துக்கொடுத்தல் பெரிய உதவி. அந்நேரத்தில் மகனைக் கடைக்கு அனுப்பாதீர்கள். மகளை அடுக்களைக்கு அழைக்காதீர்கள். பெண்பிள்ளைகளின் படிப்பு நேரம் பல வீடுகளில் இவ்வாறே துண்டு துண்டாகிப் போகின்றது. அதன்பின் அவளைத் தள்ளிப்போடுகிறாள் என்று குறை கூறுதல் நீதியாகாது.

பெரிய தீர்மானங்களுக்குப் புத்தாண்டு வரையிற் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சிறு கொப்பியை எடுத்து, இன்றைய திகதியையும் இன்று மாலைக்குரிய அளவையும் எழுதுங்கள். உறங்கப்போகுமுன் அதற்கு நேரே, செய்து முடித்த தொகையைக் குறியுங்கள். அது ஒன்றாயினும் குற்றமில்லை. நாளைய பக்கத்துக்கு அதுவே தொடக்கம்.