திறந்த வாயில்

உடற்குறையுடையோரைக் கண்டு இரங்குவதே அறம் என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் முழுமையன்று என்பதற்குச் சுகாஸ் யதிராஜின் வாழ்க்கை சான்று பகரும். கருநாடகத்து ஹாசனில் பிறந்த இவர் காலில் குறையுடையவர். 2007-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தவர். கொள்ளைநோய் பரவிய 2020-இல் உத்தரப்பிரதேசத்தின் கௌதம புத்த நகர் மாவட்ட ஆட்சித் தலைவரானார். பகலில் மக்கட் பணி; அலுவல் முடிந்தபின் இறகுப்பந்துப் பயிற்சி. மறு ஆண்டே டோக்கியோ பாராலிம்பிக்கில் வெள்ளி வென்றார். இறுதியாட்டத்தில் இவரை வென்றவர் பிரான்சு நாட்டு லூக்கா மாசூர். 2024-இல் பாரிசிலும் அவரிடமே தோற்று, மீண்டும் வெள்ளியே பெற்றார். எனினும் அவ்வாண்டின் தொடக்கத்தில் தாய்லாந்தில் உலக வாகை சூடியவரும் இவரே. அலுவலகமும் ஆடுகளமும் கதவடைத்திருப்பின் இவ்வாற்றல் வெளிப்பட்டிருக்குமா? இத்தகையோர்க்குச் சமுதாயம் அளிக்க வேண்டுவது இரக்கம் அன்று. திறந்த வாயிலே ஆகும்.