வாசலில் நிற்பவர்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளுக்குள் ஏசி குளுகுளுக்கிறது. வாசலில் விசில் ஊதி கார்களை ஒதுக்கிவிடும் செக்யூரிட்டி அண்ணனுக்கோ, அந்த ஏசி வெளியே தள்ளும் வெக்கையும் சைலன்சர் புகையும்தான். முகூர்த்த சீசனில் வேன் வேனாகக் கல்யாண வீட்டார் இறங்குவார்கள். அவர்கள் இறங்கி முடிக்கும்வரை இன்ஜினை அணைக்கிற டிரைவர் அபூர்வம். அந்தப் புகையின் நுண்துகள்கள் நுரையீரலோடு நிற்பதில்லை, ரத்தத்தில் கலந்து இதயத்தையும் பதம்பார்க்கின்றன. ஓயாத ஹாரன் தன் பங்குக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராம் நுண்துகளைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டு வரம்பு 60. அதுவும் ஊருக்கான சராசரி. சைலன்சருக்கு மூன்றடி தள்ளி நிற்பவர் சுவாசிப்பது வேறு காற்று. கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று 2021-ல் தமிழகம் சட்டம் திருத்தியது. 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்ல காரியங்கள்தான், வாசற்படி தாண்டியும் வரட்டும். லட்ச ரூபாய்ச் சேலை விற்கிற முதலாளி ஒரு நிழற்குடையும் ஸ்டூலும் போட்டு, இரண்டு மணிக்கொரு தடவை ஆள் மாற்றினால் கடை நொடித்துவிடாது. இன்ஜினை அணைக்கச் சொல்லும் அதிகாரத்தையும் அந்த அண்ணனிடமே கொடுங்கள். கஸ்டமர் கோபித்துக்கொள்வாரே என்பீர்கள். கோபித்துக்கொள்ளட்டும்.