அழிப்பதா, திருத்துவதா?

திருவனந்தபுரத்தில் ஓவியம் பயிலும் சிறுவர்க்கு வரையத் தகுந்த கட்டடம் நேப்பியர் அருங்காட்சியகம். ராபர்ட் சிசோம் வடிவமைக்க, 1880ஆம் ஆண்டில் நிறைவுற்ற அக்கட்டடத்தில் கேரளக் கூரையமைப்பும் ஐரோப்பியக் கட்டடக்கலையும் கலந்துள்ளன. பல நிறங்கள் மாறி மாறி வரும் அதன் சுவர்கள் வண்ணப் பென்சில் ஏந்திய கைக்கு விருந்து, சோதனையும்கூட. வானத்திற்குரிய நீலம் கூரைமேல் ஏறிவிடும். சுவருக்குரிய சிவப்பு வானத்திற்குள் புகுந்துவிடும். உடனே கை அழிப்பானைத் தேடும். தேய்க்கத் தேய்க்கக் கறை பரவும், தாள் நைந்துபோகும், முடிவில் படம் கசக்கி எறியப்படும். இப்பழக்கம் மாற வேண்டும். வண்ணப் பென்சில் ஓவியத்தில் பிழையை அழிக்க முயல்வதைவிடத் திருத்தக் கற்பதே சிறந்தது.

கரும்பென்சில் கோடு அழிவதுபோல் வண்ணக் கோடு அழியாமைக்குக் காரணம் உண்டு. கரும்பென்சிலின் கிராஃபைட் துகள்கள் தாளின் மேற்பரப்பில் தளர்வாக ஒட்டியிருப்பவை. அவற்றை அழிப்பான் எளிதில் பற்றி எடுத்துவிடும். வண்ணப் பென்சிலின் உட்தண்டோ, நிறமியை மெழுகு அல்லது எண்ணெயுடன் குழைத்துச் செய்யப்படுவது. அந்தப் பசைத்தன்மை நிறத்தைத் தாளின் நார்களோடு பிணைத்துவிடுகிறது. அழுத்தித் தேய்த்தால் மெழுகு இளகி, நிறம் மேலும் பரவுகிறது. இந்தியாவின் இயற்கை ரப்பரில் பெரும்பங்கை விளைவிக்கும் மாநிலம் கேரளம். அந்த ரப்பருக்கு அழிக்கும் திறன் உண்டென்று கண்டு, இங்கிலாந்தில் எட்வர்ட் நெய்ர்ன் என்பவர் 1770இல் அதைத் துண்டுகளாக்கி விற்றார். அதற்கு முன் ரொட்டித் துணுக்குகளே அழிப்பானாகப் பயன்பட்டன. ஆனால், அவை அழித்தது கரும்பென்சில் கோட்டை. மெழுகு கலந்த வண்ணத்தை அன்று.

எண்ணெய் வண்ண ஓவியர்க்கு இந்த இடர் குறைவு. அருங்காட்சியக வளாகத்திலேயே 1935இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடம் உள்ளது. ராஜா ரவி வர்மாவின் (1848–1906) எண்ணெய் வண்ண ஓவியங்களை அவ்வளாகத்தில் காணலாம். எண்ணெய் வண்ணம் ஈரமாக இருக்கும்போது அதனைச் சுரண்டி எடுக்கலாம். காய்ந்தபின் அதன்மேல் வேறு வண்ணம் பூசி முற்றிலும் மறைத்துவிடலாம். வண்ணப் பென்சிலின் பூச்சோ மெல்லிய கண்ணாடி போன்றது. மேலே எத்தனை நிறம் ஏற்றினாலும் அடியிலுள்ளது சற்றேனும் தெரியும். ஆதலின், இங்கு மறைக்கும் வழி பெரிதும் உதவாது.

உதவும் வழிகள் வேறு. முதற்கண், தேய்ப்பதற்கு மாறாக ஒற்றி எடுக்க வேண்டும். களிமண்போல் பிசையத்தக்க மென்மையான அழிப்பான் கிடைக்குமாயின், அதைக் கூம்பாக்கிப் பிழையின்மேல் அழுத்தித் தூக்கலாம். அது இல்லாதவிடத்து ஒட்டுநாடாவே போதும். நாடாவைப் பிழையின்மேல் மெல்லப் படியவைத்து, வேண்டாத இடத்தை மட்டும் மழுங்கிய பென்சில் முனையால் வருடி, மெதுவாக உரித்தெடுத்தால் நிறத்தின் ஒரு பகுதி நாடாவோடு வந்துவிடும். இதனைச் சிலமுறை செய்யலாம். முதலில் வேறொரு தாளில் செய்து பார்ப்பது நன்று. எஞ்சியதை வழக்கமான அழிப்பானால் ஒரே திசையில் இலேசாகத் துடைக்கலாம். உதிர்ந்த துகளை விரலால் தள்ளாமல் மென்தூரிகையால் நீக்க வேண்டும். விரலிலுள்ள வியர்வை புதிய கறையாகும்.

இத்தனைக்குப் பின்னும் நிறத்தின் சாயல் எஞ்சும். அதனை ஓவியத்தின் உறுப்பாக மாற்றுவதே திருத்தத்தின் உயர்ந்த நிலை. கூரைமேல் ஏறிய நீலத்தின்மீது செங்காவி பூசினால் அது ஓட்டின் நிழலாகிவிடும். மிகுதியாக ஒளிரும் சிவப்பை, அதற்கு எதிர்நிறமான பச்சையின் மெல்லிய பூச்சு அடக்கும். வானத்தில் புகுந்த சிவப்பை மாலை வெயிலாக விரிக்கலாம். அல்லது அதன் குறுக்கே ஒரு மரக்கிளையை நீட்டலாம். இத்தகைய முடிவுகள் சிறுவனுக்கு நிழலையும் ஒளியையும் பார்க்கக் கற்றுத் தருகின்றன. பிழை நேராதிருந்தால் அவன் அந்த நிழலைக் கண்டிருக்கமாட்டான்.

திருத்தம் எளிதாக வேண்டுமாயின் தொடக்கம் மென்மையாக இருத்தல் வேண்டும். வெளிர்நிறத்தில் தொடங்கி அடர்நிறத்திற்குச் செல்வதும், பல மெல்லிய பூச்சுகளாக ஏற்றுவதும் நல்ல முறை. அழுத்தி எழுதிய கோடு தாளில் பள்ளமாகப் பதிந்துவிட்டால் எவ்வகை அழிப்பானும் அதனை நிரவாது. மழைக்காலத்தில் இன்னும் கவனம் தேவை. ஈரக்காற்றை உறிஞ்சிய தாள் தளர்ந்திருக்கும்; சற்றே தேய்த்தாலும் அதன் நார் பெயர்ந்துவிடும்.

“இவ்வளவு பாடு எதற்கு? புதிய தாளில் மீண்டும் வரைந்தால் போதாதா?” என்பார் உளர். தாள் கிழிந்துவிட்டால் அதுவே வழி, அதில் மறுப்பில்லை. ஆனால், ஒவ்வொரு பிழைக்கும் புதிய தாளை நாடுபவர், தொடங்குவதில் தேர்ச்சி பெறுவாரேயன்றி முடிப்பதில் தேர்ச்சி பெறார். தூய்மைக்கு மட்டுமே மதிப்பெண் வழங்கும் முறையும் இதற்கு ஒரு காரணம். திருத்திய படத்தைக் குறையுள்ள படமாகக் கருதாமல், சிந்தித்த படமாகக் கருதுவதே நேர்மையான மதிப்பீடு.

பனையோலையில் எழுதிய தமிழ் முன்னோரிடம் அழிப்பான் இல்லை. எழுத்தாணி கீறியது கீறியதே. விடுபட்ட சொல்லுக்குக் காகபாதம் என்னும் குறியிட்டு அதனைச் சேர்த்தனர். ஓர் எழுத்துக்காக ஓலையை எறிந்துவிடவில்லை. பெற்றோரின் பணிமாற்றத்தால் ஊர் ஊராகச் சென்று, பல மொழிகளுக்கிடையே தமிழ் பயிலும் சிறுவர்க்கு இது மிகவும் பொருந்தும். ‘ல, ள, ழ’ மாறிவிட்டதென்று ஏட்டின் பக்கத்தைக் கிழிப்பவர், அடுத்த பக்கத்திலும் அதே பிழையைச் செய்வர். அடித்து, அருகிலேயே சரியாக எழுதியவர் கண்ணில் பிழையும் திருத்தமும் ஒருங்கே நிற்கும். அவர் அதனை மறவார். தாளில் சிறிது கறை எஞ்சுவதால் கலைக்கு இழுக்கில்லை. பாதியில் கைவிடுவதே இழுக்கு.

சொல்லும் பொருளும்
நிறமி – நிறம் தரும் பொருள்
நிரவுதல் – சமப்படுத்துதல்
இழுக்கு – குறை
காகபாதம் – விடுபட்டதைச் சேர்க்க இடும் குறி

சிந்தித்து எழுதுக
1. கரும்பென்சில் கோடும் வண்ணக் கோடும் அழிவதில் வேறுபடுவது ஏன்?
2. எண்ணெய் வண்ணத்திற்குப் பொருந்தும் திருத்தமுறை வண்ணப் பென்சிலுக்குப் பொருந்தாமைக்குக் காரணம் யாது?
3. ‘திருத்திய படம் சிந்தித்த படம்’ என்னும் கருத்தை ஏற்கிறீர்களா? ஐந்து தொடர்களில் எழுதுக.