பிந்திய துல்லியம்
கொக்கிளாய்க் களப்பில் ஓடும் பல படகுகளின் கைத்தொலைபேசிகளுக்கு ஓர் இடைநிலைக் கோபுரம் ஒரே அலைவரிசையில் பேசுகிறது என்று வையுங்கள். ஒருவரின் சமிக்ஞை மற்றவருக்கு இரைச்சலாகாதிருக்க, அனுப்புமுன்பே கணக்கிட்டுக் கலக்க வேண்டும். பொள்ளாச்சியில் பிறந்து, 2014இல் மார்க்கோனி பரிசு பெற்ற ஆரோக்கியசாமி பால்ராஜ் முன்னோடியாக நின்ற பல அன்டனா நுட்பத்தின் வலுவும் சுமையும் இதுவே. வழமையான முறை, அலைப்பாதைகளை எண்களாக அடுக்கிய தாயத்தின் (matrix) நேர்மாறைக் கேட்கிறது; பயனர் இரட்டித்தால் அந்த வேலை ஏறத்தாழ 8 மடங்காகும். படிப்படியாக விடையை நெருங்கும் முறைகளில் ஒரு சுற்றுக்கு 4 மடங்கே. படகு நகர, அலைப்பாதை மில்லிசெக்கன்களில் மாறிவிடும். பிந்திவரும் துல்லியம் யாருக்கு? அண்ணளவை மட்டமென்று ஒதுக்காதீர்கள். கணிப்புக் குறைந்தால் மின்செலவும் குறையும். ஆட்குறைந்த கரைகளுக்கும் கோபுரம் கட்டுப்படியாகும்.